கசட்டுக்கு வைத்த பொட்டு

இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தபோது உலகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. விமானங்கள் விழவில்லை, பாங்கில் யார் பணமும் காணாமல் போகவில்லை, நியூ ஜெர்சி எடிசனில் எங்கள் அபார்ட்மென்ட் மைக்ரோவேவ்கூட ஒழுங்காக மணி காட்டியது. எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். அப்பாவும் விட்டார். கம்ப்யூட்டர்கள் வருஷத்தைத் தப்பாகப் படித்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்காக இந்தியாவிலிருந்து கூட்டிவரப்பட்ட பெரும் கூட்டத்தில் அவரும் ஒருவர். உலகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்றான பிறகு இவர் எதற்கு என்ற யோசனை ஆபீஸ்காரர்களுக்கு வர எட்டு மாதம் பிடித்தது. ஆகஸ்ட் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவருடைய ஐடி கார்டை வாங்கி வைத்துக்கொண்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள்.

இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று சாயங்காலம் அவர் வழக்கம்போல ஆறு நாற்பதுக்கு வீட்டுக்கு வந்தார், வழக்கம்போலக் காபி கேட்டார். வேலை இல்லையென்றால் விசா இல்லை. விசா இல்லையென்றால் வீடு, பள்ளிக்கூடம், சோபா, டிவி எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊரைப் பார்க்கக் கிளம்ப வேண்டியதுதான். அடுத்த வேலையைச் சத்தமில்லாமல் பிடித்துவிட்டு அதற்கப்புறம் அம்மாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். எனக்கு ஒன்பது வயது. என் கவலையெல்லாம் நான்காம் வகுப்பில் எனக்கு யார் பக்கத்தில் உட்காருவார்கள் என்பதுதான்.

அப்பா படித்தது உலோகவியல். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு தனியார் இரும்பாலையில் ஒன்பது வருஷம் உலையடியில் நின்றவர். காற்று ஊதும் இயந்திரத்தின் இரைச்சலில் வலது காது மந்தமாகிவிட்டது. அவரிடம் பேச வேண்டுமென்றால் இடது பக்கம் போய் நின்றுகொள்வது எங்கள் வீட்டுப் பழக்கம். ஆலை படுத்துக்கொண்டபோது கூடப் படித்த ஒருவர், எல்லாரும் கம்ப்யூட்டருக்குப் போகிறார்கள், நீயும் வா என்றார். சென்னையில் ஒரு மாடி வகுப்பில் ஆறு மாதம் கோபோல் என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படித்துவிட்டு அமெரிக்கா வந்து சேர்ந்தார். இரும்பைப் பற்றி அவர் வீட்டில் பேசி நான் கேட்டதே இல்லை.

நியூ ஜெர்சியில் நான்காம் வகுப்பு என்றால் மாநில வரலாறு. வீட்டில் யாராவது உங்களை ஒரு பழைய இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகட்டும், பார்த்துவிட்டு வந்து ரிப்போர்ட் எழுதுங்கள் என்று பள்ளி திறக்கும் முன்பே டீச்சர் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். மற்ற பிள்ளைகள் கலங்கரை விளக்கத்துக்கும் கடற்கரைக்கும் ஓடினார்கள். அப்பா பட்டியலைக் கையில் வாங்கி ஒரு வரியில் விரலை வைத்தார். வடக்கே, மலைக் காட்டுக்குள், ஒரு பழைய இரும்பு உலை.

செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை போனோம். ஒன்றேகால் மணி நேரம். அங்கே இருந்ததைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடைக்கரையில் பாதி சரிந்த ஒரு கல் கோபுரம், அதன் தலையில் ஒரு மரம் முளைத்திருந்தது. அடியில் வளைவாக ஒரு வாய். தண்ணீர்ச் சக்கரம் இருந்த இடத்தில் ஒரு பள்ளமும் சில கறுத்த கட்டைகளும். கொஞ்சம் தள்ளி வேலைக்காரர்கள் குடியிருந்த வீடுகளின் அடிக்கல் வரிசை. அவ்வளவுதான்.

"பாழடைஞ்ச செவத்தப் பாக்கவா இவ்வளவு தூரம் டிரைவ் பண்ணி வந்தோம்?" என்றாள் அம்மா. புளியோதரை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஓர் அடிக்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

வயதான வழிகாட்டி ஒருவர் இருந்தார். சம்பளம் கிடையாது, ரிடையர் ஆனபிறகு பொழுது போவதற்காக வருகிறவர். ஞாயிற்றுக்கிழமையிலும் அவருக்குக் கிடைத்த கூட்டம் நாங்கள் மூன்று பேர்தான். விட்டால் ஆள் கிடைக்காது என்பதைப்போல அவர் கதையைத் தொடங்கினார். இருநூறு வருஷத்துக்கு மேலே ஆகிறது. அப்போது இந்த இடம் காட்டு எல்லை, இதற்கப்பால் வெள்ளைக்காரர்களுக்கு ஊர் கிடையாது. மலையில் இரும்புக்கல் இருக்கிறது, மரம் இருக்கிறது, ஓடை இருக்கிறது என்று கேள்விப்பட்டு கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு முதலாளி வந்தார். உலை வேலை தெரிந்தவர்களை அவர் ஊரிலிருந்தே பெண்டாட்டி பிள்ளைகளோடு கப்பலில் ஏற்றினார். ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் ஒரு காகிதத்தில் கையெழுத்து. இத்தனை வருஷம் இந்த முதலாளியிடம்தான் வேலை, வேறு யாரிடமும் போகக்கூடாது. அவர்கள் காட்டை வெட்டினார்கள், கரி சுட்டார்கள், உலையைக் கட்டினார்கள். முதல் இரும்பு ஓடி வந்தது. கொஞ்ச வருஷத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த கூட்டாளிகள் கையை விரித்துவிட்டார்கள். முதலாளி கப்பல் ஏறிவிட்டார். காகிதத்தில் வருஷம் பாக்கி இருந்தவர்கள் இங்கேயே நின்றார்கள். அப்புறம் வேறு முதலாளிகள் வந்தார்கள், போருக்குக் குண்டு வார்த்தார்கள், வேறு மாநிலத்தில் நிலக்கரியில் மலிவாக இரும்பு காய்ச்ச ஆரம்பித்ததும் ஒருநாள் தீ நின்றுபோனது.

நான் பென்சிலை எடுத்து ரிப்போர்ட்டுக்காகக் கேட்டேன். முதலாளி போனபோதே இவர்களும் ஏன் திரும்பிப் போகவில்லை?

வழிகாட்டி வாயைத் திறப்பதற்குள் அப்பா தமிழில் சொன்னார். "எப்படிம்மா போவாங்க? ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்துட்டாங்கல்ல."

இதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று தெரியாமல், கப்பல் கிடைக்கவில்லை என்று எழுதிக்கொண்டேன். அவருக்கு வேலை போய் அன்றைக்கு ஒன்பதாவது நாள்.

பிறகு அப்பா வேறு ஆளாக மாறிப்போனார். பாண்டின் முழங்காலில் மண் படுவதைப் பற்றிக் கவலைப்படாமல் அந்த வளைவுக்குள் மண்டியிட்டுத் தலையை நுழைத்தார். உள்ளே அடிப்பகுதியில் மாடு படுத்திருக்கிற மாதிரி கறுப்பாக ஒரு பெரிய கட்டி கிடந்தது. வழிகாட்டி அதைப் பாறை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அப்பா விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, பாறை இல்லை, இரும்பு என்றார். எனக்குத் தமிழில் சொன்னார். உலையை ராப்பகலாக ஊதிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு மணி நேரம்கூட விடக்கூடாது. நிறுத்துவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லி, மெல்ல மெல்லத் தீயை இறக்கி, உள்ளே இருப்பதையெல்லாம் வடித்துவிட்டு நிறுத்த வேண்டும். "சொல்லாம கொள்ளாம நிறுத்தினா உள்ள இருக்கற இரும்பு அப்படியே உறஞ்சி போயிரும். அப்புறம் உலைய இடிச்சாத்தான் வெளிய வரும்."

வழிகாட்டி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பதினோரு வருஷமாகத் தப்பாகச் சொல்லியிருக்கிறேன் என்று சிரித்தார். இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள், அம்மா கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்த இடத்தில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. ஓடையோரத்தில் நீலமும் பச்சையுமாகக் கண்ணாடி மாதிரிக் கற்கள் கிடந்தன. இரும்பை உருக்கும்போது மேலே மிதக்கிற அழுக்கை வழித்துக் கொட்டுவார்கள், அது ஆறினால் இப்படி ஆகும், இரும்புக் கசடு என்றார் அப்பா. ஒன்றை எடுத்துப் பாக்கெட்டில் போட்டேன். இங்கிருந்து ஒரு கூழாங்கல்கூட எடுத்துப் போகக்கூடாது, சட்டம் என்றார் வழிகாட்டி. அப்பா என் பாக்கெட்டிலிருந்து அதை வாங்கி, எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னார். காருக்குப் போய்ச் சேரும்வரை அழுதேன். வீடு வரும்வரையிலும் அழுதேன்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது. காலையில் அப்பா இஸ்திரி போட்ட சட்டையை இன் பண்ணிக்கொண்டு, அம்மா கட்டிக் கொடுத்த டப்பாவோடு ரயில்வே ஸ்டேஷனுக்குக் காரை எடுத்துக்கொண்டு போவார். ஆறு நாற்பதுக்கு வருவார். இதில் வித்தியாசம் என்று சொன்னால் அவர் பாண்டின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்த முள் விதைகள்தான். அம்மா ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டே, "ட்ரெயின்ல போற மனுஷனுக்கு இது எங்கேருந்து ஒட்டுது?" என்று கேட்டாள். ஸ்டேஷன் பார்க்கிங்கில் புல் வெட்டுவதே இல்லை என்றார் அப்பா. அம்மாவுக்கு அமெரிக்காவில் வேலைக்குப் போக அனுமதி இல்லை, டிரைவிங் லைசென்ஸும் இல்லை. ஸ்டேஷன் பார்க்கிங்கை அவள் போய்ப் பார்க்கவா போகிறாள்.

அக்டோபர் முதல் வாரத்தில் எங்கள் வகுப்பை ஃபீல்ட் ட்ரிப் கூட்டிப்போனார்கள். அதே உலைக்குத்தான். அனுமதிச் சீட்டில் அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. ரிப்போர்ட் எழுதி மார்க்கும் வாங்கியாகிவிட்டது, அதனால் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அது முடிந்துபோன பாடம்.

மஞ்சள் பஸ்ஸிலிருந்து இறங்கி இரண்டிரண்டு பேராக வரிசையில் நடந்தோம். இலைகள் சிவந்து கொட்ட ஆரம்பித்திருந்த நேரம். வழிகாட்டி எங்களை நிறுத்தி முதலாளி கதையைச் சொன்னார். பிறகு, இன்றைக்கு உங்களுக்கு அதிர்ஷ்டம், நிஜமாகவே இரும்பு காய்ச்சிய ஒருவர் இங்கே இருக்கிறார், இந்தியாவிலிருந்து வந்தவர், வாரத்துக்கு மூன்று நான்கு நாள் வந்து எனக்கே பாடம் நடத்துகிறார் என்று சொல்லிவிட்டு உலையின் பக்கம் கையைக் காட்டினார்.

அப்பா ஓர் அடிக்கல்லின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன் பண்ணிய நீலச் சட்டை. சேறு படாமல் பாண்டை இரண்டு மடிப்பு மடித்து விட்டிருந்தார். டப்பாவில் எலுமிச்சை சாதம். மஞ்சளாக ஒரு பருக்கை மீசையில் இருந்தது.

எழுந்தார், கையைத் துடைத்துக்கொண்டார், பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார். சிரிப்பு முகத்தைவிட்டுப் போகவில்லை, அப்படியே உறைந்து நின்றுவிட்டது.

எனக்கு வந்தது வெட்கம். வேறு எதுவும் இல்லை. இந்த நேரத்தில் இவர் ஏன் இங்கே இருக்கிறார் என்றுகூட அப்போது தோன்றவில்லை. அந்த மடித்துவிட்ட பாண்டையும் மஞ்சள் பருக்கையையும் யாரும் பார்த்துவிடக் கூடாது என்றுதான் தோன்றியது. பள்ளிக்கூடத்தில் என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்கிற பிள்ளைகள் அவர்கள். அதற்காகவே அம்மாவிடம் சண்டை போட்டு சாண்ட்விச்சுக்கு மாறியிருந்தேன்.

அப்பா உலையின் வாயருகே போய் நின்று பேச ஆரம்பித்தார். பிள்ளைகள் அவரைச் சுற்றி வளைத்து நின்றார்கள், நானும் நின்றேன். நல்ல இங்கிலீஷ்தான். ஆனால் சொல்லுக்குச் சொல் எங்கள் ஊர். ஃபர்னஸ் என்பதை பர்னேஸ் என்று நீட்டினார். இரண்டாவது தடவை சொன்னபோது யாரோ களுக்கென்றார்கள். என் வரிசைத் துணையாக வந்த பெண் என் முழங்கையை இடித்து, அவர் உன் அப்பாவா என்று கேட்டாள்.

"நோ," என்றேன். "ஐ டோன்ட் ஈவன் நோ ஹிம்."

அதோடு விட்டிருக்கலாம். அவள் நம்பவில்லையோ என்ற பயத்தில் நானும் சேர்ந்து சிரித்தேன். பர்னேஸ், பர்னேஸ் என்று அப்பாவைப் போலவே சொல்லிக் காட்டினேன். மற்றவர்களைவிட எனக்கு அது ரொம்ப நன்றாக வந்தது. நாலைந்து பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீச்சர் திரும்பி விரலை உதட்டில் வைத்தார்.

அப்பா நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனார். உலையை எப்படி நிறுத்த வேண்டும் என்பதைச் சொன்னார், உறைந்துபோன இரும்பைக் காட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். பஸ் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். டப்பாவை மூடிக்கொண்டிருந்தார், மிச்சம் இருந்ததை அவர் சாப்பிடவில்லை.

அன்று சாயங்காலம் ஆறு நாற்பதுக்கு வந்தவர் மேலே வராமல் காரிலிருந்தே ஹார்ன் அடித்து என்னைக் கூப்பிட்டார். ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்கிப் போனேன். என் கையைப் பிடித்து விரித்து அதில் ஒன்றை வைத்து மூடினார். நீலமும் பச்சையுமாக அந்தக் கசடு. வழிகாட்டியிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். ஆளில்லாத ரோட்டில்கூடச் சிவப்பு விளக்குக்கு நின்று போகிற என் அப்பா, எடுக்கக்கூடாது என்று சட்டம் சொன்னதைக் கேட்டு வாங்கியிருக்கிறார்.

"பெரிய பொண்ணாயிட்ட நீ," என்று தலையில் கை வைத்தார்.

திட்டு விழும், குறைந்தபட்சம் முகமாவது தூக்கிக்கொள்வார் என்று போன எனக்கு இது புரியவில்லை. கடைசியில் எனக்கு வசதியான முடிவுக்கு வந்தேன். வலது காது மந்தம், அதனால் கேட்டிருக்காது. நிம்மதியாக இருந்தது, ஆனால் அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் தலையணைக்கு அடியில் தள்ளினேன். இந்த அப்பாவையா தெரியாது என்று சொன்னேன் என்று தாங்கமுடியாமல் இருந்தது. ஏதாவது செய்து சரிக்கட்ட வேண்டும். எல்லார் முன்னாலும் இல்லை என்று சொன்னதை எல்லார் முன்னாலும் ஆமாம் என்று சொல்லிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று ஒன்பது வயதுப் புத்திக்குப் பட்டது. இதற்கிடையில் யோசித்து யோசித்து இன்னொன்றையும் கண்டுபிடித்திருந்தேன். அப்பாவுக்கு அந்த உலையில்தான் இப்போது வேலை. பிறகு எதற்கு இன் பண்ணிக்கொண்டு அங்கே போவார்?

அமெரிக்காவில் எந்தப் பண்டிகையும் சனிக்கிழமைதான் வரும். ஆயுத பூஜையும் அந்தச் சனிக்கிழமை வந்தது. ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடையில் பொரி வாங்கி வந்து, சுண்டல் செய்து, எங்கள் வீட்டில் பூஜை. மாடி வீட்டு அங்கிள், ஆன்ட்டி, அவர்கள் பிள்ளைகள், எதிர் பிளாக்கிலிருந்து இன்னொரு குடும்பம், எல்லாரும் தமிழ்க்காரர்கள். சாமி படத்துக்கு முன்னால் ஒரு தாம்பாளம். அதில் அம்மாவின் கத்தரிக்கோல், அரிவாள்மணை, மிக்ஸி ஜார், என் ஜாமெட்ரி பாக்ஸ், கார் சாவி. அப்பாவின் இரும்பாலையில் ஆயுத பூஜை பெரிய நாள் என்பதால் இந்த ஒரு பூஜையை மட்டும் அவர் விடுவதில்லை. ஒவ்வொரு வருஷமும் தாம்பாளத்தின் நடுவில் வைப்பது அவருடைய ஆபீஸ் ஐடி கார்டை. போட்டோவில் முகம் மறையாமல் ஓரமாகச் சந்தனம் தொட்டு வைப்பாள் அம்மா.

"ஐடி கார்டு எங்க, எடுத்துட்டு வாங்க," என்றாள்.

"ஆபீஸ்லயே விட்டுட்டேன்," என்றார் அப்பா.

மாடி வீட்டு அங்கிளுக்குக் கிண்டல் இல்லாமல் ஒரு வாக்கியம் வராது. "கார்டுக்கு பூஜை போடலன்னா கிரீன் கார்டு எப்படி சார் வரும்? ஆபீஸ்ல அதுக்கு லேபர் பேப்பர் ஃபைல் பண்ணிட்டாங்களா இல்லியா?" என்றார்.

"பண்றேன்னு சொல்லிருக்காங்க," என்றார் அப்பா.

தாம்பாளத்தின் நடுவில் கார்டு வைக்க விட்ட இடம் காலியாக இருந்தது. அம்மா கற்பூரத்தை எடுத்தாள். எனக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. அறைக்குள் ஓடிப்போய்த் தலையணைக்கு அடியிலிருந்து கசட்டை எடுத்துவந்து அந்தக் காலி இடத்தில் வைத்தேன். மூச்சு வாங்கியது.

"இதுதான் அப்பா ஆபீஸ்," என்றேன். "எங்க கிளாஸ் போனப்ப பாத்தேன். அப்பா இப்ப அயர்ன் ஒர்க்ஸ்லதான் இருக்காரு. எல்லாருக்கும் அவர்தான் எக்ஸ்ப்ளைன் பண்றாரு. ஹி இஸ் மை டாட்."

கடைசி வாக்கியம் யாருக்காக என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சத்தமாகச் சொன்னேன்.

அங்கிள் சிரிக்க ஆரம்பித்தார். "என்ன சார், கம்ப்யூட்டர்லேருந்து இரும்புக்கு ட்ரான்ஸ்ஃபரா?" என்று பாதியில் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். ஆன்ட்டி கீழே பார்த்துக்கொண்டாள். அங்கே இருந்த பெரியவர்கள் எல்லாரும் விசாவில் இருப்பவர்கள்தான். யாருக்கும் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். கொஞ்ச நேரம்தான். பிறகு சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து அந்தக் கசட்டுக்குப் பொட்டு வைத்தாள், அதன் மேல் குங்குமம் வைத்தாள், மற்ற எல்லாவற்றுக்கும் காட்டியதைப் போலவே கற்பூரம் காட்டினாள். நான் நிமிர்ந்து நின்றேன். நல்ல காரியம் செய்துவிட்ட பெருமை எனக்கு.

கடைசியாகக் கார் பூஜை. நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தோம். அப்பா காரை எடுத்தார். நசுக்கிவிட்டு நான்கு அடி போய் நிறுத்துவதுதான் வழக்கம். அன்றைக்கு அவர் நிறுத்தவில்லை. பார்க்கிங்கைத் தாண்டி, கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். நாங்கள் எல்லாரும் நசுங்கிய எலுமிச்சம்பழங்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆன்ட்டி வந்து அம்மாவின் தோளில் கையை வைத்தாள். அம்மா மெதுவாக அதை எடுத்துவிட்டு, "சுண்டல் பேக் பண்ணித் தரேன், எடுத்துட்டுப் போங்க," என்றாள்.

முக்கால் மணி நேரம் கழித்து அப்பா ஒரு கேலன் பாலோடு திரும்பி வந்தார். பால் தீர்ந்துவிட்டிருந்ததாம். ஃபிரிட்ஜில் பால் இருந்தது. அம்மா இறங்கிப் போய்க் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். வைப்பர் ஒருமுறை மழையில்லாமல் ஆடி நின்றது. பிறகு அப்பாவின் தலை ஸ்டியரிங்கில் சாய்ந்தது.

திங்கட்கிழமை முதல் அப்பா வீட்டிலேயே இருந்தார். மாடி வீட்டு அங்கிள் கிண்டலை மறந்துவிட்டு, தெரிந்த இடத்துக்கெல்லாம் ரெஸ்யூமே அனுப்பினார். ஒன்றும் ஆகவில்லை. டிசம்பரில் சோபாவையும் டிவியையும் விற்றுவிட்டு ஊருக்குத் திரும்பினோம். கசட்டை அம்மா என் பழைய ஸ்வெட்டரில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். கண்ணாடிக் குமிழிகளுக்குள் இறங்கிவிட்ட குங்குமம் எத்தனை கழுவியும் போகவில்லை. நான்தான் எல்லாவற்றையும் கெடுத்தேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா அப்படிச் சொல்லவில்லை. ஊரில் ஒரு சின்ன வார்ப்படப் பட்டறையில் சூப்பர்வைசராகச் சேர்ந்தார், பாதிச் சம்பளம். யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்வார். "ஒம்பது வயசுல இவ என்னை ரெண்டு தடவை காப்பாத்தினா. அத்தனை புள்ளைங்க நடுவுல என்னைப் பாத்துட்டு, அப்பாவுக்கு ஏதோ கஷ்டம்னு புரிஞ்சுகிட்டு, காட்டிக்குடுக்காம நின்னா. ஆறு வாரமா என் வாயில வராத விஷயத்த ஒரு கல்ல வெச்சு அவங்கம்மாவுக்குச் சொன்னா." கேட்பவர்கள் உச்சுக் கொட்டி என்னைப் பார்ப்பார்கள். என் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடமும் சொன்னார். அவர் கதையில் நான் சிரித்தது இருக்காது, பர்னேஸ் இருக்காது. பாவம், தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டார், உண்மையைச் சொல்லி அதை ஏன் உடைக்க வேண்டும் என்று நானும் தலையைக் குனிந்துகொள்வேன். நான்கு வருஷத்துக்கு முன்னால் அப்பா போய்ச் சேர்ந்தார். கடைசிவரை நான் உண்மையைச் சொல்லவில்லை.

இப்போது நானும் இதே விசாவில் இதே நியூ ஜெர்சியில் இருக்கிறேன். போன அக்டோபரில் தனியாக அந்த உலைக்குப் போனேன். சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள். உச்சியில் இருந்த மரத்தை வெட்டிவிட்டார்கள். அந்த வழிகாட்டி இல்லை, அவரைத் தெரிந்தவர்களும் இல்லை. வேலிக்கு வெளியே பிள்ளைகளை நிறுத்தும் இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. அன்று நான் நின்ற இடத்தில் நின்றுகொண்டு, அப்பா நின்ற உலைவாய் எவ்வளவு தூரம் என்று பார்த்தேன். வேலி இல்லாவிட்டால் ஐந்து தப்படி. அவர் உலைக்கு முதுகைக் காட்டி எங்களைப் பார்த்து நின்றார். நான் வரிசையின் எந்த ஓரத்தில் நின்றேன் என்பதை அன்றைக்குத்தான் யோசித்தேன். பழக்கதோஷம், யாரும் சொல்லாமலேயே போய் அவருடைய இடது பக்கம், நன்றாகக் கேட்கிற காதின் பக்கம் நின்றிருக்கிறேன்.

அவர் கதையைச் சொல்லும்போதெல்லாம் எல்லார் முகத்தையும் பார்ப்பார், என்னை மட்டும் பார்க்கமாட்டார். அது பெருமையில் வந்த கூச்சம் என்று நினைத்திருந்தேன். கார் கதவருகே என் கையை விரித்து அந்தக் கல்லை வைத்து மூடியபோது அப்பாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றுதான் அந்த ஒன்பது வயதுப் பெண் நம்பினாள், நம்பிக்கொண்டே அதைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினாள்.